தேயிலைத் தூளில் காந்தம் எதற்கு?

கேள்வி: எங்கள் தோட்டத்து ஸ்டோரில் தூள் ஓடும் இடத்தில் காந்தம் வைத்திருக்கிறார்கள். எவர்சில்வரில் காந்தம் ஒட்டாதே, பிறகு எதற்கு?
– வாசகி, ஹட்டன்

பதில்: நியாயமான சந்தேகம். தகடாக இருக்கும்போது பல எவர்சில்வர் வகைகளில் காந்தம் ஒட்டாதுதான். ஆனால் மெஷினில் உராய்ந்து, நசுங்கித் துகளாக உதிரும்போது அணுக்களின் அடுக்கு குலைகிறது. துகளில் ஒரு பகுதி காந்தத்துக்கு இணங்கும். இணக்கம் மெல்லியது. பழைய கறுப்பு ஃபெரைட் காந்தத்திடம் தப்புவது, 1980களில் வந்த நியோடிமியத்திடம் சிக்கும். இதற்குச் சூடு ஆகாது: சாதாரண வகை 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கும். எனவே உலர்த்தியின் வாயில் அல்ல, தூள் ஆறி மெல்லிய படலமாக ஓடும் இடத்தில் வைக்க வேண்டும். அடிக்கடி துடைக்காவிட்டால் அது வெறும் அலங்காரம்! இந்தியாவில் தேயிலையில் இருக்கக்கூடிய இரும்புத்தூளுக்கு உச்சவரம்பே உண்டு.

வீட்டிலும் பார்க்கலாம். காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி, வெள்ளைத் தாளில் பரப்பிய தூளின் மேல் நகர்த்துங்கள். தேயிலையும் ஒட்டினால் பயம் வேண்டாம், அது நிலைமின். ஊதினால் பெரும்பாலும் பறந்துவிடும், இரும்பு பறக்காது. ஸ்டோரில் நார் பிரிக்கும் உருளைகளும் அதே நிலைமின்னால்தான் நாரை இழுக்கின்றன.