வீடு கட்டுவதில் காலக் கணக்கு

ஒரு கொத்தனார் பத்து நாளில் எழுப்பும் சுவரை இருவர் ஐந்து நாளில் எழுப்புவர் என்று பள்ளியில் கணக்குப் போட்டோம். வீடு முழுவதற்கும் அக்கணக்குப் பொருந்துமா? பொருந்தாது. ஆள் கூட்டினால் குறையும் வேலைகள் உண்டு. எத்தனை பேர் வந்தாலும் குறையாத காத்திருப்புகளும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஒப்பந்தக்காரர்க்கு முதற்பாடம்.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. சிமெண்டு நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது. நீர் வற்றினால் வினையும் நின்றுவிடும். ஆகவேதான் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகின்றனர். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 456 ஆம் எண் நெறிமுறை (2000), சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், வெப்பமும் வறட்சியும் மிக்க சூழலில் 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. இங்கே மே, சூன் மாதங்களில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும்போது இது மிகவும் தேவை. தளத்தைத் தாங்கும் முட்டுகளை, இடைவெளி 4.5 மீட்டர் வரையெனில் 7 நாளும், மேற்படின் 14 நாளும் கழிந்த பின்னரே எடுக்கலாம். குளிர்காலத்தில் இன்னும் பொறுக்க வேண்டும்.

இனி, வேலைகளை ஒழுங்குபடுத்தும் முறையைக் காண்போம். 1957இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டின் ஜேம்சு கெல்லியும் ‘கிரிட்டிக்கல் பாத்’ முறையை உருவாக்கினர். நெருக்கடிப் பாதை எனலாம். ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று தொடங்கும் வேலைகளைத் தொடராக எழுதி, மிக நீண்ட தொடரைக் கண்டுபிடிப்பதே அதன் சாரம்.

ஓர் எடுத்துக்காட்டு. தளம் போட்ட பின் முட்டு எடுக்க 7 நாள், உட்சுவருக்கு 6, மின்குழாய் பதிக்க 4, பூச்சுக்கு 10 எனக் கொள்வோம். மொத்தம் 27. பூச்சு முடிந்தபின் மாட்ட வேண்டிய கதவுகளைச் செய்யத் தச்சருக்கு 20 நாள். அவர் 5 நாள் பிந்தினாலும் வீடு பிந்தாது. மின்வேலை ஒருநாள் பிந்தினாலோ வீடும் ஒருநாள் பிந்தும். முதலில் யாரை விரைவுபடுத்த வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பூச்சுக்கு ஆளை இரட்டித்து 5 நாளில் முடித்தால் மொத்தம் 22 ஆகும். இப்போது தச்சரின் அதே 5 நாள் தாமதம் வீட்டை 3 நாள் பிந்தச் செய்யும்! பாதை மாறிவிட்டது. எனவே வாரந்தோறும் கணக்கைத் திருத்திப் போட வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டா. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

கணக்கின்றிப் பிந்தினால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் வாடகையும் கட்டுவார், கடனுக்கு வட்டியும் கட்டுவார். சாமான் வராத நாளில் சித்தாள் கூலியின்றித் திரும்புவாள். இழந்த நாள்களை மீட்க முனையும் ஒப்பந்தக்காரர் முட்டை முன்னதாகப் பிரிப்பார். தண்ணீர் விடுவதைக் குறைப்பார். தளம் உடனே முறையிடாது. பின்னாளில் விரிசலாகவோ ஒழுக்காகவோ அது பேசும். சிலவேளை முட்டெடுக்கும் ஆளின் மேலேயே சரியும்.

ஆதலின் தளம் போட்ட தேதியைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள், தம் தெருவில் வீடு எழும்பக் கண்டால் மேஸ்திரியிடம் அத்தேதியைக் கேட்டுப் பாருங்கள்.