பவர் கண்ணாடி அணிபவர்கள் பணியிடத்தில் கண்ணைக் காப்பது எப்படி?

வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களிலிருந்து எங்கள் கண் பிரிவுக்கு வருவோரில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் பணிபுரிவோர் பலர். பாதுகாப்புக் கண்ணாடி அணியுமாறு நாங்கள் கூறும்போது, "ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கிறேனே, இன்னொன்று எதற்கு?" என்று அவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான விடையையும், தக்க கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இங்கே விளக்குகிறோம்.

பவர் கண்ணாடி ஏன் போதாது?

பவர் கண்ணாடி பார்வையைத் திருத்துவதற்காகச் செய்யப்பட்டது. கண்ணை மூடிக் காப்பதற்காக அன்று. அதன் மேலும் கீழும் இரு பக்கங்களிலும் இடைவெளி உண்டு. தொட்டியின்மீது குனிந்து வேலை செய்பவருக்குத் திரவம் பெரும்பாலும் கீழிருந்தோ பக்கவாட்டிலோதான் தெறிக்கிறது. அடி பட்டால் கண்ணாடி வில்லை உடைந்து, அதன் சில்லுகளே கண்ணைக் கிழிக்கக்கூடும். சாதாரண பிளாஸ்டிக் வில்லை அதைவிட மேலானது. எனினும் வேகமாக வரும் துகளைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டதன்று. அதற்கு உரியது பாலிகார்பனேட் வில்லை.

உங்கள் வேலையில் கண்ணுக்கு வருவது எது?

கண்ணாடியைத் தேர்வதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, திரவத் தெறிப்பு. மயிர் நீக்கும் பிரிவில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன, இவை கடுங்காரங்கள். அடுத்த கட்டங்களில் கந்தக அமிலமும் ஃபார்மிக் அமிலமும் வருகின்றன. அமிலம் பட்டால் கருவிழியின் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து, அமிலம் மேலும் உள்ளே செல்வதை ஓரளவு தடுக்கிறது. காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்குகிறது. முதல் மணி நேரத்தில் வலி குறைவாகத் தோன்றினாலும் சேதம் வளர்ந்துகொண்டிருக்கலாம். சுண்ணாம்புத் துகள் மேல் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டால், அங்கிருந்தபடியே தொடர்ந்து காரத்தைக் கசியவிடும்.

இரண்டாவது, தூசு. தோலைச் சீவும் இயந்திரத்திலும், பஃபிங் எனும் தேய்ப்பு வேலையிலும் நுண்தூசு பறக்கிறது.

மூன்றாவது, பறக்கும் துண்டு. காலணியின் மேற்பாகத்தைத் தைக்கும்போது ஊசி முறிந்து தெறிக்கலாம். ஆணி அடிக்கும் இடத்திலும் ஓரம் சீவும் இடத்திலும் இதே ஆபத்து உண்டு.

பவர் உள்ளவர்களுக்கு மூன்று வழிகள்

ஒன்று: பவர் கண்ணாடியின்மேல் அணியும் மூடு கண்ணாடி. காகிள்ஸ் என்று வழங்கும் இவ்வகை முகத்தோடு ஒட்டி நிற்கும். உள்ளே பவர் கண்ணாடி அடங்குமளவு அகலமானதையே கேட்டு வாங்க வேண்டும். செலவு குறைவு, பவர் மாறினாலும் இதை மாற்ற வேண்டியதில்லை. சுண்ணாம்பு, அமிலப் பிரிவுகளில் பணிபுரிவோர்க்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதையே. காற்றுத்துளைகள் நேராகத் திறந்திருக்கக் கூடாது. திரவம் நேரே நுழையாதவாறு மறைப்புடன் இருக்க வேண்டும்.

இரண்டு: உள்ளே பவர் சட்டம் பொருத்திய மூடு கண்ணாடி. பவர் வில்லைகளைத் தாங்கும் சிறு சட்டம் உட்புறம் பொருத்தப்பட்டிருக்கும். காதுக்குச் செல்லும் கம்பிகள் இல்லாததால் விளிம்பு முகத்தில் நன்கு பதியும். நாள் முழுவதும் ஈரப் பிரிவில் நிற்பவர்களுக்கு இது வசதியானது. செலவு சற்றுக் கூடுதல்.

மூன்று: பவருடன் செய்யப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி. பாலிகார்பனேட் வில்லையும் உறுதியான சட்டமும் பக்கத் தடுப்பும் கொண்டது. தையல், ஓரம் சீவுதல் போன்ற உலர் வேலைகளுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் முகத்தோடு ஒட்டி நில்லாததால், திரவத் தெறிப்புள்ள இடத்திற்கு இது போதாது.

கான்டாக்ட் லென்ஸ் பார்வையைத் திருத்துமேயன்றிப் பாதுகாப்புத் தராது. அதை அணிபவரும் மேலே மூடு கண்ணாடி அணிய வேண்டும். முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பும் மூடு கண்ணாடிக்குத் துணையாகுமே தவிர மாற்றாகாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

சட்டத்தில் தரக்குறி இருக்கிறதா எனப் பாருங்கள். கண் பாதுகாப்பிற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5983. ஐரோப்பிய இ.என். 166 குறியுள்ள சட்டத்தில் 3 என்ற எண் திரவத் தெறிப்பையும், 4 பெருந்தூசையும், 5 நுண்தூசையும் குறிக்கும். அமெரிக்கத் தரத்தில் பவர் வில்லை பொருத்துவதற்குரிய சட்டத்தில் இசட்87-2 என்ற குறி இருக்கும்.

உங்கள் பவர் கண்ணாடியுடன் அதை அணிந்து குனியுங்கள், நிமிருங்கள், இருபுறமும் திரும்புங்கள். விளிம்பில் எங்கேனும் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் வேறொன்றைத் தேடுங்கள். ஈரமும் வெப்பமும் மிகுந்த இடத்தில் வில்லையில் ஆவி படியும். ஆவி படியாத பூச்சுள்ளதையே கேளுங்கள். பார்வை மங்குவதால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேலை செய்பவர், அது இல்லாதவருக்குச் சமமே. ஆகவே வேலை முடியும்வரை தெளிவாகப் பார்க்க உதவுவதே நல்ல கண்ணாடி.

தோலைத் தரம் பிரிப்பவர்களும் நிறம் பார்ப்பவர்களும் நிறமற்ற வில்லையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாற்பது வயதைக் கடந்தோர்க்கு

இவ்வயதில் வெள்ளெழுத்துத் தோன்றுகிறது. தையல் இயந்திரத்தின் முன் அமர்பவருக்குத் தேவையான பவர், செய்தித்தாள் படிக்கத் தேவையான பவரிலிருந்து வேறுபடலாம். கண்ணிலிருந்து ஊசிவரை உள்ள தூரத்தை அளவு நாடாவால் அளந்து, அந்த எண்ணை எங்களிடம் கூறுங்கள். பைஃபோகல் அணிபவர்கள் குனிந்து தரையைப் பார்க்கும்போது கீழ்ப்பகுதி வழியே பார்க்க நேர்ந்து, படியும் வழுக்கும் தரையும் மங்கலாகத் தெரியும். ஈரத் தரையில் நடப்பவர்களுக்குத் தூரப் பவர் மட்டும் கொண்ட கண்ணாடி பாதுகாப்பானதாக இருக்கலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் பவர் பார்ப்பது வீண்செலவைத் தவிர்க்கும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை ஈர, தூசுப் பிரிவுகளுக்குத் திரும்பக் கூடாது. ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ளவர்கள் எந்த வேலையிலும் பாலிகார்பனேட் வில்லையே அணிய வேண்டும்.

பராமரிப்பு

சுண்ணாம்புத் தூசு படிந்த வில்லையை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலசி, மென்மையான சோப்பால் கழுவுங்கள். பசையைத் துடைக்கும் தின்னரையோ அசிட்டோனையோ பயன்படுத்தாதீர்கள். அவை பாலிகார்பனேட்டை வெடிக்கச் செய்யும். ஒருவர் கண்ணாடியை மற்றவர் அணிந்தால் மெட்ராஸ் ஐ பரவக்கூடும். ஒவ்வொருவருக்கும் தனிக் கண்ணாடி வேண்டும்.

கண்ணில் தெறித்துவிட்டால்

அந்த நொடியே சுத்தமான தண்ணீரால் கழுவத் தொடங்குங்கள். இமைகளை விரல்களால் விரித்து, விழியை நாற்புறமும் சுழற்றியபடி, 20 முதல் 30 நிமிடம் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸைத் தேடிக் காலம் கடத்தாதீர்கள், கழுவும்போதே எடுக்கலாம். காரத்திற்கு அமிலம், அமிலத்திற்குக் காரம் என்று எதையும் ஊற்றக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஆகியவையும் வேண்டா. கண்ணைக் கசக்கக் கூடாது. கழுவிய பின் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பட்ட வேதிப்பொருளின் பெயரையும், பணியின்போது நேர்ந்தது என்பதையும் தெரிவியுங்கள். இ.எஸ்.ஐ. பயன்களைப் பெற அப்பதிவு உதவும்.

குடும்பத்தினரிடம் ஒரு வேண்டுகோள்

பவர் பார்க்க வரும்போது, பணியிடத்தில் அணியும் கண்ணாடியையும் உடன் எடுத்துவரச் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து அணிவித்துப் பார்த்து, பொருந்துகிறதா என நாங்கள் சொல்கிறோம். துகள் தெறிக்கும் வேலைகளில் தகுந்த கண்ணாடி அளிப்பதை விதிகள் மூலம் கட்டாயமாக்க 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே தன் 35ஆம் பிரிவில் வழிவகுத்தது. எனவே மேற்பார்வையாளரிடம் கண்ணாடி கேட்பதில் தயக்கம் வேண்டா. "நான் பவர் கண்ணாடி அணிபவன், அதன்மேல் பொருந்துவதாகக் கொடுங்கள்" என்று தெளிவாகக் கேட்கலாம். கருவிழியைக் காரம் அரித்தபின் பார்வையை மீட்பது நீண்ட, உறுதியற்ற முயற்சி. அதை வராமல் தடுப்பதோ உங்கள் கையில் இருக்கிறது.