பொதுக் கணினியும் பதிப்பொழுக்கமும்

ஒரு நூலைப் பாடஞ் சொல்லுமுன் அஃது எப்பதிப்பு என வினாவுதல் தமிழாசிரியராகிய எமக்கு வழக்கம். பதிப்புக்குப் பதிப்புப் பாடபேதம் உண்டாதலின், பதிப்பறியாது பொருள் கூறுவோர் இடர்ப்படுவர். இவ்வொழுக்கம் கணினிக்கும் உரியதென்பதை ஈண்டு மாணவர்க்கு விளக்க விழைகின்றோம்.

பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலே வலிமைமிக்க கணினி ஒன்றைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துவர். அவருள் ஒருவர் தம் வேலைக்கென அதிலுள்ள செய்நிரல் மொழியின் பதிப்பையோ, பொதிகளையோ மாற்றின், அம்மாற்றம் அயலவர் வேலையையுந் தாக்கும். பொதி என்பது, பிறர் எழுதி உதவ நாம் எடுத்தாளுஞ் செய்நிரற் தொகுதியாம்.

பைதன் மொழியை நோக்குவோம். கீடோ வான் ரொசம் என்பார் ஆக்கிய இம்மொழி 1991 இல் முதன்முதல் வெளிவந்தது. 2008 இல் வந்த மூன்றாம் பதிப்பு இரண்டாம் பதிப்போடு முற்றும் ஒத்ததன்று. முழுவெண்ணாகிய 7 ஐ 2 ஆல் வகுக்கச் சொல்லின், இரண்டாம் பதிப்பு 3 என்னும். மூன்றாம் பதிப்பு 3.5 என்னும். இரண்டும் பிழையென ஒன்றையும் அறிவியா. இரண்டாம் பதிப்புக்குரிய ஆதரவு 2020 சனவரி 1 ஆம் நாளோடு முடிந்ததாயினும், அதற்கென எழுதிய பழஞ் செய்நிரல்களை எடுத்தாள்வோர்க்கு இவ்வேறுபாடு இன்றும் இடராகும். வெளிப்பட்டு நிற்கும் பிழையைத் திருத்தலாம். மறைந்து புகும் பிழையோ ஆய்வின் முடிபாகவே அச்சேறிவிடும்.

பொதிகளும் அத்தன்மையவே. நம்பை என்னுங் கணிதப் பொதியின் 2.0 ஆம் பதிப்பு 2024 இல் வெளிவந்தபோது, முந்திய பதிப்புக்கென ஆக்கப்பட்ட பொதிகள் பல அதனோடு இயங்கவில்லை.

இவ்விடர் நீங்கக் கைக்கொள்ளற்பாலன மூன்று.

முதலாவது, இயங்குதளத்துக்குரிய பைதனைத் தொடாதிருத்தல். லினக்ஸ் தளங்களிலே தளத்தின் கருவிகள் சில அம்மொழியாலேயே இயங்குவன. அதுபற்றியே 2023 இல் வந்த டெபியன் 12, பிப் என்னுங் கருவியாற் பொதுவிடத்திலே பொதி நிறுவுதலை இயல்பாக மறுக்கின்றது.

இரண்டாவது, ஒவ்வொரு வேலைக்குந் தனியறை அமைத்தல். 2012 இல் பைதன் 3.3 ஆம் பதிப்பிற் சேர்ந்த வீ-என்வ் என்னும் உறுப்பு, ஒரு தனிக் கோப்புறையை ஆக்கிப் பொதிகளை அதனுள்ளே நிறுத்தும். ஆயினும் அது தன்னை ஆக்கிய மொழிப்பதிப்பையே சார்ந்து நிற்பது. வேறு பதிப்பு வேண்டின், அதனை வேறோரிடத்திலே அருகருகாக நிறுவிக்கொள்ளல் வேண்டும். கொண்டா என்னுங் கருவியோ மொழியையும் பொதிகளையும் ஓரறைக்குள்ளே ஒருங்கு வைக்கும்.

மூன்றாவது, எழுதி வைத்தல். பிப் பிரீஸ் என்னுங் கட்டளை, நிறுவிய பொதிகளின் பெயரையும் பதிப்பெண்ணையும் நிரலே தரும். அந்நிரலை வேலையோடு சேர்த்துப் பேணுக. மொழியின் பதிப்பெண் அந்நிரலில் வாராது. ஆதலின் அதனையுந் தனியே குறிக்க. இவை இருப்பின், ஆண்டுகள் கழிந்தும் பிறிதொரு கணினியிலே அவ்வறையை மீள அமைக்க முயலலாம். முடிபைச் சரிபார்க்கவுங் கூடும். இல்லையேல், செய்தவரே தம் விடையை மீளப் பெறமாட்டார்.

மாணவர்காள்! பங்குக் கிணற்றிலே தத்தம் குடத்தை நிரப்புதல் யாவர்க்கும் உரியது. கிணற்றைத் தன் விருப்பப்படி மாற்றுதல் எவர்க்கும் உரியதன்று. பொதுக் கணினியும் அத்தகையதே. பிறர் வேலைக்கு ஊறு செய்யாமையும், தம் முடிபுக்குத் தாமே சான்று வைத்தலுங் கல்விக்கு இன்றியமையாதன என்பது எம் துணிபு.