கதிர்காமம் சாலையில் யானை நின்றால்...

இலங்கையில் புத்தலயிலிருந்து கதிர்காமத்துக்குக் காரில் போகிறீர்களா? சாலை யால காட்டை ஒட்டிப் போகிறது. பட்டப்பகலிலும் யானை குறுக்கே வந்து நிற்கும். போகிறவர்கள் பழம் கொடுத்துப் பழக்கியதால், சில யானைகள் வண்டியை மறித்து, ஜன்னல் வழியே தும்பிக்கையை விட்டுத் துழாவுகின்றன. ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள். அடுத்து வரும் வண்டிக்கும் அந்த யானைக்கும் அதுவே ஆபத்து. கதிர்காமக் கோயில் பூஜைத் தட்டுக்கான பழங்களை டிக்கியில் வைத்துப் பூட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள்.

யானையைக் கண்டதும் தூரத்திலேயே நிறுத்துங்கள். இன்ஜினை அணைக்க வேண்டாம், ஹார்ன் அடிக்க வேண்டாம், செல்ஃபிக்கு இறங்கவே கூடாது. யானை காதை விரித்துத் தலையை உயர்த்தினால், வண்டியை மெல்லப் பின்னால் எடுங்கள். முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டியும் நிறுத்தாதீர்கள். அந்த வண்டிக்கும் பின்வாங்க இடம் வேண்டும். பொழுது சாய்வதற்குள் இந்தச் சாலையைக் கடந்துவிடுவது நல்லது.