தேனீக்கு ஏற்ற வீடு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பர் பெரியோர். மனிதர் வீடு கட்டுவது மட்டுமன்று, தேனீக்கு வீடு அமைப்பதும் கவனம் வேண்டிய காரியமே. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்களுக்குத் தேனீ சோறு போடுகிறது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தொழிலில் இறங்குவோர் முதலில் அறிய வேண்டியது பெட்டியின் அளவு.

இடைவெளியின் இரகசியம்

முற்காலத்தில் பானையிலும் மரப்பொந்திலும் தேனீ வளர்த்தனர். தேன் எடுக்க அடையையே பிழிய வேண்டியிருந்தது, புழுக்களும் மடிந்தன. 1851-இல் அமெரிக்கப் போதகரான லாங்ஸ்ட்ராத் ஓர் உண்மையைக் கண்டார். அடைகளுக்கு இடையே ஏறக்குறைய 9 மில்லி மீட்டர் இடம் விட்டால் தேனீக்கள் அதை நடைபாதையாக வைத்துக்கொள்ளும். கூடினால் அங்கும் அடை கட்டும்; குறைந்தால் அடைத்துவிடும். இதனால் தனித்தனியே தூக்கி எடுக்கக் கூடிய சட்டங்கள் உருவாயின.

இரு பெட்டிகள்

லாங்ஸ்ட்ராத் பெட்டி மேனாட்டுத் தேனீக்கு உரியது. நம் இந்தியத் தேனீயோ உருவில் சிறியது, கூட்டமும் சிறியது. இதை உணர்ந்த அருட்தந்தை நியூட்டன், 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமத்தாருக்குப் பயிற்சி அளித்து, இந்தியத் தேனீக்கென்றே ஒரு பெட்டியை அமைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நியூட்டன் பெட்டியின் புழு அறைச் சட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம். ஒரு பக்கப் பரப்பு 280 சதுர செ.மீ. ஏழு சட்டங்களுக்கு 1,960. லாங்ஸ்ட்ராத் சட்டத்தின் உட்புறம் ஏறத்தாழ 43 செ.மீ., 20 செ.மீ. பரப்பு 860, பத்துச் சட்டங்களுக்கு 8,600. அதாவது நான்கு மடங்குக்கும் மேல்!

பெரிது நல்லதா?

"பெரிய பெட்டி, நிறையத் தேன்" என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. புழுக்கள் வளரச் சுமார் 35 டிகிரி வெப்பம் தேவை. தேனீக்கள் நெருங்கி அமர்ந்தே அதைக் காக்கின்றன. வெற்றிடம் மிகுந்தால் சூடு நிற்காது. காவல் இல்லாத அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். கடைசியில் கூட்டமே பெட்டியை விட்டு ஓடிவிடும்.

எங்கள் ஊரில் விதவைத் தாய் ஒருவர், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக இரண்டு கூட்டங்கள் வாங்கினார். தச்சர் அளவு பாராமல் பெரிதாகச் செய்து கொடுத்த பெட்டியில் இருந்த கூட்டம், ஐப்பசி மழையில் பறந்து போயிற்று. நியூட்டன் பெட்டியில் இருந்தது நிலைத்தது. மறு ஆண்டு அதைப் பிரித்தே இரண்டாக்கினார். ஒரு சாண் பலகை, ஓர் ஏழை வீட்டின் வரவையே மாற்றிவிடுகிறது, பாருங்கள்!

சிறிதாக இருந்தாலும் கேடுதான். இடம் போதாமல் நெரிசலானால், பழைய இராணி பாதிக் கூட்டத்துடன் வெளியேறும்.

தேர்ந்தெடுக்கும் முறை

1. முதலில் தேனீயின் இனத்தைப் பாருங்கள். சமவெளி இந்தியத் தேனீக்கு நியூட்டன் பெட்டி. இத்தாலியத் தேனீக்கு லாங்ஸ்ட்ராத் பெட்டி. இமயமலைப் பகுதியின் இந்தியத் தேனீ சற்றுப் பெரிதாகையால், அங்கே பெரிய பெட்டி பொருந்தும்.

2. பருவத்தைப் பாருங்கள். ரப்பர் துளிர்க்கும் மாசி, பங்குனியில் இலைக்காம்பில் இனிய நீர் சுரக்கும். அப்போது புழு அறை முழுதும் தேனீ நிறைந்திருந்தால், மேலே உயரம் குறைந்த தேன் அறையை வையுங்கள். மழைக்காலத்தில் அதை நீக்கிவிடுங்கள்.

3. எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவாக இருக்கட்டும். அப்போதுதான் ஒன்றின் சட்டம் மற்றொன்றில் பொருந்தும். தேன் எடுக்கும் இயந்திரமும் எல்லாவற்றிற்கும் பயன்படும்.

4. தேன் அறையில் மட்டுமே தேன் எடுங்கள். புழு அறையில் உள்ளது தேனீயின் உணவு.

தோழியரே! 'அளவறிந்து வாழ்' என்பது நமக்கு மட்டும் அன்று, தேனீக்கும் பொருந்தும். நம் ஆசைக்கு அளவெடுக்காமல் அதன் தேவைக்கு அளவெடுத்தால், அந்தச் சின்னஞ்சிறு உயிர் தானும் வாழ்ந்து நம்மையும் வாழவைக்கும்.