கியர் கரகரன்னு சத்தம் போடுதா? பழைய கார் வைத்திருக்கும் குழுக்களுக்கு ஒரு பாடம்



கறவை மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், நாமே கறந்து பார்க்கிறோம். ஆனால் வாடகைக்கு விட ஒரு பழைய கார் வாங்கினால் மட்டும், "அதெல்லாம் ஆம்பளைங்க விஷயம்" என்று ஒதுங்கி விடுகிறோம். கடன் நம் பேரில். தவணை கட்டுவதும் நாம்தான். "கியர் பாக்ஸ் போச்சும்மா, முழுசா மாத்தணும்" என்று மெக்கானிக் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வரலாமா? சரியாகக் கேள்வி கேட்கவாவது தெரிய வேண்டாமா? அதற்குத்தான் இந்தப் பாடம்.

உதாரணத்துக்கு அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் செய்யப்பட்ட கார் இது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சில் வந்தது. 2014-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. அதனால் இன்று ஓடும் எல்லா அம்பாசடரும் வயதான வண்டிதான்.

கிளட்ச், கியர் என்ன செய்கிறது?

மாவு மில்லில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டைத் தள்ளிவிட்டால் கல் மட்டும் நின்றுவிடும். கிளட்ச் செய்வதும் அதே வேலைதான். பெடலை மிதித்தால் என்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. அது முழுசாகப் பிரியாவிட்டால், சுற்றிக்கொண்டிருக்கும் பல்லோடு பல் மோதும். கரகரன்னு சத்தம் வரும்.

கியர் பாக்ஸ் உள்ளே பித்தளை வளையங்கள் உண்டு. ஓடுகிற பஸ்ஸில் ஏறுபவர் கூடவே கொஞ்சம் ஓடி வேகத்தைச் சமன் செய்து ஏறுவார் அல்லவா? அதுபோல இந்த வளையம் இரண்டு பக்க வேகத்தையும் சமன் செய்யும். இதற்கு சிங்க்ரோமெஷ் என்று பெயர். பழைய மாடல்களில் முதல் கியருக்கு இது கிடையாது. அதனால் வண்டி முழுசாக நிற்காமல் முதல் கியர் போட்டால் சத்தம் வரத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, ஓட்டுகிற பழக்கம்தான் மாற வேண்டும்.

நாமே செய்யும் மூன்று சோதனைகள்

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். கை பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் அணை கொடுங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் நிற்கக் கூடாது.

1. என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்ச் மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கியர் கம்பி, அதன் இணைப்பு, புஷ் இவற்றில் தேய்மானம் இருக்கலாம். ஸ்டியரிங் பக்கத்தில் கை கியர் உள்ள வண்டியில் இது அதிகம். இதற்குக் கியர் பாக்ஸை இறக்கத் தேவை இல்லை.

2. என்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சை முழுசாக மிதித்து ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை என்று அர்த்தம்.

3. எல்லா கியரும் நல்லா விழுந்து, ஓட்டத்தில் ஒரே ஒரு கியர் மட்டும் சத்தம் போட்டால் அந்தக் கியரின் பித்தளை வளையம் தேய்ந்திருக்கலாம். இதற்குத்தான் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

செலவு குறைந்ததை முதலில் பாருங்கள்

முதலில் பெடலுக்கு அடியில் மிதியடி மடிந்து தடுக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதுவும் நடக்கிறதுதான்! பிறகு கிளட்ச் பெடலின் விளையாட்டு அளவு. அது அதிகமானால் கிளட்ச் முழுசாகப் பிரியாது. சுத்தமாக இல்லாமல் போனால் கிளட்ச் வழுக்கித் தேயும். எண்ணெயில் வேலை செய்யும் கிளட்ச் என்றால் டப்பாவில் எண்ணெய் குறைந்திருக்கிறதா, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து கியர் ஆயில். "கெட்டியா ஊத்தினா சத்தம் அடங்கிடும்" என்பார்கள். சத்தம் அமுங்கலாம், தேய்மானம் நிற்காது. காலையில் குளிர்ந்த வண்டியில் கியர் இன்னும் இறுக்கமாகும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். புத்தகம் ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-5 ஊற்ற வேண்டாம். அதிலுள்ள சில மருந்துகள் பித்தளையை அரிக்கக்கூடும். பழைய ஆயிலை இறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பொன்னிறப் பொடி கொஞ்சம் இருந்தால் வயசான வண்டிக்கு சகஜம். இரும்புத் துண்டு வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. பழைய கிளட்ச் தூசியை ஊதவும் கூடாது, அதில் கல்நார் இருக்கலாம். நுரையீரலுக்குக் கெடுதல்.

மெக்கானிக்கிடம் பேசும்போது

- என்ன பழுது, எவ்வளவு செலவு என்று முதலில் எழுதி வாங்குங்கள்.
- மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.
- கியர் பாக்ஸை இறக்கினால், கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் இறக்கினால் இரண்டாவது தடவை கூலி.
- பில்லைக் குழுவின் கோப்பில் வையுங்கள். பெரிய செலவு என்றால் தீர்மானம் போட்ட பிறகே கொடுங்கள்.

டிரைவர் தம்பியிடமும் சொல்லுங்கள். ஓட்டும்போது கிளட்ச் மேல் கால் வைத்தே இருக்கக் கூடாது. கியர் கம்பி கை வைக்கும் இடமில்லை. கியர் விழவில்லை என்றால் இடிக்காமல், மறுபடி கிளட்ச் மிதித்துப் போட வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். 50 வருடம் தாண்டிய காரை "விண்டேஜ்" என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிவு செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. பிழைப்புக்கு வண்டி வாங்குவோர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தே முன்பணம் கொடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவின் வண்டி, மோட்டார், மாவு மில் பழுதானால் யார் போய்ப் பார்க்கிறோம்?
2. பழுதுச் செலவுக்கு மாதம் ஒரு தொகை ஒதுக்கி வைக்கிறோமா?
3. மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் செய்து பார்க்க எந்த இருவர் முன்வருவார்கள்?