நாளைச் சொல், பிறகு பெயரைச் சொல்

அன்புள்ள தம்பிக்கு,

ரத்தோட்டையிலிருந்து நீ அனுப்பிய முன்னோட்டக் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். டூர் டி பிரான்ஸில் மஞ்சள் ஜெர்சி யாருக்கு என்று பத்துப் பேரை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரும் இந்தப் பருவத்தில் எதை எதை வென்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். உழைப்புத் தெரிகிறது. நடையும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதைக் கணிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. அது பலசாலிகளின் பட்டியல். 21 கட்டங்கள், மூன்று வாரங்கள், 3,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிற போட்டியில் யார் பலசாலி என்பது ஊருக்கே தெரியும். யார், எந்த நாளில், எந்த இடத்தில் நேரத்தை இழப்பார் என்பதைத்தான் நீ தேட வேண்டும். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் சம்பியனைத் தீர்மானிக்கிறார்கள். 2017இல் கிறிஸ் ஃப்ரூம் ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமல் டூர் பட்டத்தை வென்றார்.

அதனால் ஆட்களை விட்டுவிட்டு முதலில் பாதையை எடு. இதைப் படிக்க நீ ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. உன் வீட்டு வாசலிலிருந்து மேலே போகிற ரிவர்ஸ்டன் சாலை போதும். கீழே மிளகுக் கொடியும் கராம்பும் நிற்கும் தோட்டங்கள், புழுக்கம். ஏற ஏறத் தேயிலை, அதற்கு மேல் மூடுபனி, உச்சியை நெருங்கும்போது ஆளைத் தள்ளும் காற்று. அங்கிருந்து இலுக்கும்புர பக்கம் ஒடுங்கிய வளைவுகளோடு இறக்கம். இந்தச் சாலையில் ஒரு கட்டம் வைத்தால் முடிவுக்கோட்டை எங்கே போடுவாய் என்று உன்னையே கேட்டுப் பார். உச்சியில் போட்டால் மெலிந்த உடம்புக்காரன் வெல்வான். இலுக்கும்புரவில் போட்டால், ஏற்றத்தில் அரை நிமிடம் பின்தங்கியவன்கூட இறக்கத்தில் துணிந்து வந்து பிடித்துவிடுவான். அதே மலை, அதே ஆட்கள், முடிவு வேறு. ஏற்றம் எத்தனை வீதம் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். ஏற்றம் முடிந்த பிறகு இன்னும் எத்தனை கிலோமீற்றர் இருக்கிறது என்பதை நீ எழுது.

இதற்கு இத்தாலியின் கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரேயைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 18 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ஏற்றம், சராசரி 9 வீதத்துக்கு மேல், கடைசி எட்டுக் கிலோமீற்றர் அளவுக்குத் தார் இல்லாத சரளைப் பாதை, உச்சி 2,178 மீற்றர். 2018 ஜீரோ டி இத்தாலியாவின் 19ஆம் கட்டத்தில், முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்சியோடு அந்த மலைக்கு வந்தவர் சைமன் யேட்ஸ். அதுவரை மூன்று கட்டங்களை வென்றிருந்தார். நான்காம் இடத்தில் 3 நிமிடம் 22 செக்கன் பின்னால் இருந்த ஃப்ரூம், முடிவுக்கு 80 கிலோமீற்றர் இருக்கும்போதே தனியாகப் புறப்பட்டார். அதற்கு முன்பே யேட்ஸ் தளர்ந்து பின்தங்கியிருந்தார். அன்று மட்டும் 38 நிமிடங்களுக்கு மேல் இழந்தார். இரண்டாம் இடத்தில் இருந்த டொம் டுமுலான், மலை இறங்கியதும் பள்ளத்தாக்கில் துணைக்கு ஆள் சேர்க்கக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் ஃப்ரூம் போய்விட்டார். கடைசியில் ஃப்ரூமின் மொத்த வெற்றி வித்தியாசம் 46 செக்கன்தான்.

ஏழு ஆண்டு கழித்து, 2025 மே 31இல், அதே மலை. இப்போது யேட்ஸ் மூன்றாம் இடத்தில், முதலிடத்துக்கு 1 நிமிடம் 21 செக்கன் பின்னால். முன்னால் 21 வயது மெக்சிக்கோக்காரர் இசாக் டெல் டோரோ, அவருக்கு 43 செக்கன் பின்னால் ரிச்சர்ட் கராபாஸ். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் காவல் காத்தார்கள். யேட்ஸ் நழுவிப் போனார். உச்சியைத் தாண்டிய பள்ளத்தாக்கில் அவருடைய அணித்தோழர் வௌட் வான் ஆர்ட், காலையிலேயே முன்னோடிக் குழுவில் போயிருந்தவர், அவரை ஏற்றிச் செல்லத் தயாராக நின்றார். ஒரு கட்டத்தையும் வெல்லாத யேட்ஸ், அந்த ஜீரோவை 3 நிமிடம் 56 செக்கன் வித்தியாசத்தில் வென்றார்.

போட்டி தொடங்கும் முன் யேட்ஸின் பெயரை முதலில் போட்டவர்கள் அரிது. ஆனால் வரைபடத்தை விரித்து, “20ஆம் கட்டத்தில்தான் முடிவு, ஃபினெஸ்ட்ரேக்குப் பிறகு நீண்ட பள்ளத்தாக்கு, அங்கே யாருக்கு முன்னால் துணை இருக்கிறதோ அவருக்கு நிமிடக் கணக்கில் லாபம்” என்று எழுத யாராலும் முடிந்திருக்கும். அப்படி எழுதியிருந்தால் அதுதான் கணிப்பு. துணை ஏன் முக்கியம் என்றால், ஒருவர் பின்னால் ஒதுங்கி ஓடுகிறவருக்குச் சமதளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு உழைப்பு மிச்சமாகும். செங்குத்தான மலையில், வேகம் குறைந்துவிடுவதால், அந்த லாபம் சொற்பம். ஆகவே அணிப்பலத்தை மலையில் எண்ணாதே. இரண்டு மலைகளுக்கு நடுவில் எண்ணு.

சமதளத்தையும் அலட்சியம் செய்யாதே. நாவுலையிலிருந்து தம்புள்ளைப் பக்கம் குறுக்குக் காற்று அடிக்கிற நாளில் சைக்கிள் ஓட்டிப் பார்த்திருந்தால் உனக்கு விளங்கும். 2013 டூரில் இரண்டாம் இடத்தில் இருந்த வால்வேர்டே, ஒரு தட்டையான கட்டத்தில் சக்கரம் பழுதாகிப் பின்தங்கி, காற்றில் பிரிந்த கூட்டத்தைப் பிடிக்க முடியாமல் பத்து நிமிடம் அளவுக்கு இழந்தார். 2020இல் பொகாச்சரும் லவோருக்குப் போன நாளில் காற்றில் 1 நிமிடம் 21 செக்கன் இழந்தவர்தான். கடைசிக்கு முந்திய நாள் முதலிடத்தில் இருந்த ரொக்லிச்சுக்கு அவர் 57 செக்கன் பின்னால். அன்று 36 கிலோமீற்றர் தனிநேர ஓட்டம், அதாவது ஒவ்வொருவராகத் தனியே நேரத்தோடு ஓடுவது; முடிவில் மலை. பொகாச்சர் அந்த ஒரு நாளில் கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்தைப் பிடித்து, 59 செக்கன் வித்தியாசத்தில் டூரை வென்றார். பந்தயக் கணக்கில் தனிநேர ஓட்டம் எந்த நாளில் விழுகிறது என்று பார். முதல் வாரத்துத் தனிநேர ஓட்டமும், களைத்துப்போன மூன்றாம் வாரத்துத் தனிநேர ஓட்டமும் ஒன்றல்ல. ஒருவர் முன்பு ஓடிய போட்டிகளில் மூன்றாம் வாரத்தில் என்ன ஆனார் என்பதைத் தேடி எடு. முதல் வார வெற்றிகளைவிட அது அதிகம் பேசும்.

எங்கள் நாட்டில் விமானப்படை நடத்தும் துவிச்சக்கரவண்டிச் சவாரி போன்ற சில நாள் ஓட்டங்களை எழுதும்போது இந்தக் கணக்கு மாறும். அங்கே மூன்றாம் வாரம் என்பதே இல்லை. ஒரே ஒரு முன்னோடிக் குழு தப்பிப் போனால் கதை முடிந்தது. ஆகவே யார் வேகமானவர் என்பதைவிட, எந்த அணி துரத்த மறுக்கும் என்பதைக் கேள். அதற்கு வீதியோரம் நின்று பார்ப்பதும், பயிற்றுநர்களிடம் பேசுவதும் தவிர வேறு வழியில்லை.

பந்தயம் கட்டுகிறவர்கள் உன்னிடம் பெயர் கேட்டு வருவார்கள். கொடுக்காதே. வாசகருக்கு எழுதும்போது மட்டும் தயங்காதே: போட்டி தொடங்கும் முன் எழுது, பத்தில் எத்தனை பங்கு வாய்ப்பு என்று சொல், எது நடந்தால் உன் கணிப்பு உடையும் என்பதையும் அதே பத்தியில் சொல். முடிந்த பிறகு ஒரு சொல்லையும் திருத்தாதே.

அடுத்த கட்டுரையில் பத்துப் பெயர் வேண்டாம். போட்டி எந்த நாளில், எந்தக் கிலோமீற்றரில் தீர்மானமாகும் என்று முதல் வரியில் எழுதி அனுப்பு. வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்